நீலக் கட்டுத்துணி முதல் சளிப் பதிவேடு வரை

பிரான்சில் பேரனோ பேத்தியோ பிறந்த நம் புதுவைக் குடும்பங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் நர்ஸ் வந்து, குதிகாலில் ஊசியால் ஒரு குத்துக் குத்தி, சில சொட்டு ரத்தத்தை ஒரு கெட்டித் தாளில் ஒற்றி எடுத்துக்கொண்டு போவார். பிரசவம் பார்க்க இங்கிருந்து போன பாட்டிமார்கள், "பச்சை மண்ணை எதற்கு இப்படிக் குத்துகிறார்கள்?" என்று கோபித்துக்கொள்வது உண்டு. அந்தத் தாளில் தேடப்படும் நோய்களில் ஒன்றுக்குப் பிரெஞ்சில் 'மூக்கோவிசிதோஸ்' என்று பெயர். ஆங்கிலத்தில் 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்பார்கள். 2002 முதல் பிரான்சில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை உண்டு.

பிரெஞ்சு டெலிவிஷன் பார்க்கும் நண்பர்களுக்குக் கிரெகோரி லெமார்ஷால் என்ற பாடகனை நினைவிருக்கலாம். 2004ல் 'ஸ்டார் அகாடமி' பாட்டுப் போட்டியில் ஜெயித்தவன். மாற்று நுரையீரலுக்குக் காத்திருந்து, கிடைக்காமல், 2007ல் தன் 23ஆம் வயதில் இறந்தான். பிரான்சில் வீட்டுக்கு வீடு இந்த நோயின் பெயர் தெரிந்தது அந்தப் பையனின் சாவுக்குப் பிறகுதான்.

'மூக்கோ' என்றதும் நம் தமிழ்க் காதுக்கு மூக்குதான் ஞாபகம் வருகிறது. உண்மையில் அது லத்தீன். எங்கள் பள்ளியில் சிஸியேம் வகுப்பிலேயே லத்தீனையும் தலையில் ஏற்றினார்கள். அதனால் வந்த லாபங்களில் ஒன்று, வைத்தியர்கள் வைக்கும் பெயர்களைப் பிரித்துப் பார்க்க முடிவது. 'மூக்குஸ்' என்றால் சளி, 'விசிதுஸ்' என்றால் பிசின் போல ஒட்டுவது. பிசினாய்ப் போன சளி: நோயின் லட்சணம் முழுவதும் பெயரிலேயே இருக்கிறது.

நான் வைத்தியன் அல்ல, கோப்பு பார்த்தவன். அதனால் இந்த நோயைப் பற்றி எல்லாம் எழுதப் போவதில்லை. இந்தப் பிள்ளைகளின் நுரையீரலுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற ஒரே ஒரு கேள்வியின் சரித்திரத்தை மட்டும் சொல்கிறேன். எளிய கேள்வி போலத்தான் தெரியும். அதற்குப் பதில் தேடுவதில் ஒரு நூறாண்டுக்கு மேல் கழிந்திருக்கிறது.

கதை ஒரு பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஆரம்பிக்கிறது. பழைய காலத்து அறுவை வைத்தியர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்து வந்தார்கள். சில காயங்களுக்குக் கட்டிய வெள்ளைத்துணி இரண்டொரு நாளில் நீலமாகவோ பச்சையாகவோ மாறிவிடும். 1850ல் செதியோ என்ற பிரெஞ்சு சர்ஜன் இதை எழுதி வைத்தார். ஒரு காயத்திலிருந்து இன்னொரு காயத்துக்கு இது பரவுகிறது என்பதையும் கண்டார். 1860ல் ஃபோர்தோஸ் என்ற மருந்தாளர் அந்தத் துணியிலிருந்து நீலச் சாயத்தையே தனியாகப் பிரித்தெடுத்துப் படிகமாக்கினார். 1882ல் பாரிஸின் வால் தெ கிராஸ் ராணுவ ஆஸ்பத்திரியில் கார்ல் ழெசார் என்ற முப்பத்திரண்டு வயது மருந்தாளர், அந்தச் சாயத்தைத் தயாரிக்கும் கிருமியையே பிரித்து வளர்த்துக் காட்டினார். அதற்கு 'பாசில் பியோசியானிக்' என்று பெயர் வந்தது. கிரேக்கத்தில் 'பியோ' சீழ், 'கியானோஸ்' நீலம். இன்றைக்கும் பிரெஞ்சு ஆஸ்பத்திரிகளில் சுருக்கமாக 'பியோ' என்றுதான் சொல்கிறார்கள்.

விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'சூடோமோனாஸ் எருஜினோசா'. 'எருகோ' என்றால் லத்தீனில் செம்புக் களிம்பு. புளி போட்டுத் தேய்க்காமல் விட்ட செம்புத் தவலையில் பச்சையாகப் பூக்குமே, அதே நிறம். இந்தக் கிருமி ஈரம் உள்ள இடமெல்லாம் இருக்கும்: தொட்டி, சாக்கடை வாய், குழாய் முனை, மண். நமக்கெல்லாம் அது ஒன்றும் செய்யாது. மூச்சில் போனாலும் உடம்பு வெளியே தள்ளிவிடும்.

எப்படித் தள்ளுகிறது? நம் மூச்சுக்குழலின் உட்சுவரில் நீர்த்த சளி ஒரு மெல்லிய படலமாக இருக்கிறது. அதற்கு அடியில் உள்ள நுண்ணிய மயிர்கள் அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். தூசும் கிருமியும் அதோடு தொண்டைக்கு வந்துவிடும். நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். மூக்கோவிசிதோஸ் உள்ளவர்களுக்குப் பிறவியிலேயே செல்களில் உப்பு போகும் வழி அடைபட்டிருக்கிறது. உப்பு நகராவிட்டால் கூடவே தண்ணீரும் நகராது. படலம் வறண்டு பிசினாகிறது. தண்ணீர் வற்றிய வாய்க்காலில் சேறு நிற்பது போலச் சளி அங்கேயே நிற்கும். வந்த கிருமியும் அங்கேயே தங்கும்.

இதையெல்லாம் ஒரு தனி நோயாக அடையாளம் காட்டியவர்களில் முக்கியமானவர் நியூயார்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை செய்துவந்த டாக்டர் டோரதி ஆண்டர்சன் என்ற அம்மையார். 49 குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்து 1938ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதுவரை இந்தக் குழந்தைகள் வயிற்றுக் கோளாறில் செத்தார்கள் என்றோ, நிமோனியாவில் செத்தார்கள் என்றோ தனித்தனியாக எழுதி மூடிவிடுவார்கள். கணையத்தில் நார் விழுந்திருப்பதும் நுரையீரலில் சீழ் கட்டியிருப்பதும் ஒரே நோய் என்று சேர்த்துப் பார்த்தவர் அவர். ஆனால் கிருமியைப் பார்த்தது எப்போது? குழந்தை இறந்த பிறகு, மேஜையின் மேல்.

அந்தக் காலத்துப் பிரேதங்களில் பெரும்பாலும் கிடைத்தது 'ஸ்டாஃபிலோகாக்கஸ்' என்ற, கட்டி கொப்புளங்களில் இருக்கும் சாதாரணக் கிருமி. பெனிசிலின் வந்ததும் ஆண்டர்சனும் அவருடன் வேலை பார்த்த டாக்டர் தி சான்ட் ஆக்னீஸும் அதை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1946ல் எழுதினார்கள். பலன் தெரிந்தது. பிறகு அதே சான்ட் ஆக்னீஸ், இந்தப் பிள்ளைகளின் வேர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953ல் காட்டினார். நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை தங்காது என்று ஐரோப்பாவில் ஒரு பழைய நம்பிக்கை இருந்தது. அந்தப் பாட்டிமார் சொன்னதில் விஷயம் இருந்திருக்கிறது. 1959ல் வேர்வைச் சோதனை ஒழுங்கான முறையாக வந்தது. உயிரோடு இருக்கும் குழந்தையிடமே இனி நோயைக் கண்டுபிடிக்கலாம்.

பிள்ளைகள் பிழைத்துப் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்தார்கள். அப்போதுதான் நம் பழைய நீலக் கிருமி வந்து சேர்ந்தது. ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு மருந்து கொடுத்து அடக்கிய நுரையீரலில் சூடோமோனாஸ் குடியேறத் தொடங்கியது. பெனிசிலின் அதை ஒன்றும் செய்யவில்லை.

சோதனைச்சாலையில் கிருமியை எப்படி வளர்க்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நோயாளி காறித் துப்பிய சளியை ஒரு மருந்து விட்டு நீர்க்கச் செய்து, வட்டத் தட்டில் உறைய வைத்த அகார் மேல் தடவி, வெதுவெதுப்பான பெட்டியில் வைப்பார்கள். அகார் வேறொன்றுமில்லை; நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளிலிருந்து நமக்கு வரும் கடல்பாசி இருக்கிறதே, அதே சரக்கு. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கிருமிகள் கூட்டம் கூட்டமாகப் புள்ளிகளாய்த் தெரியும். சூடோமோனாஸ் என்றால் தட்டு பச்சை பூக்கும்.

ஆனால் இந்தப் பிள்ளைகளின் சளியில் வளர்ந்தது வேறு மாதிரி இருந்தது. வெண்டைக்காய்க் கொழகொழப்போடு, துளித்துளியாக வழியும் கூட்டங்கள். 1960களின் நடுவில் அமெரிக்காவில் டாகெட் என்பவரும் கூட்டாளிகளும் இந்தக் கொழகொழ வகைக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவைச் சுட்டிக்காட்டினார்கள். கிருமி தன்னைச் சுற்றி ஒரு வழுவழுப்பான உறையைக் கட்டிக்கொள்கிறது. உறைக்குள் போய்விட்டால் மருந்தும் எட்டாது, ரத்தத்து வெள்ளணுக்களும் எட்டாது. ஆக, தட்டில் கொழகொழவென்று வளர்ந்தால் அதற்கு அர்த்தம், நாம் தாமதமாக வந்திருக்கிறோம் என்பது.

இந்த இடத்தில்தான் டென்மார்க் வருகிறது. கோபன்ஹேகன் ஆஸ்பத்திரியில் நீல்ஸ் ஹாய்பி என்ற கிருமியியல் டாக்டர் 1970களில் இரண்டு வேலைகள் செய்தார். ஒன்று, சளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, கிருமிகள் தனித்தனியாக இல்லாமல் உறைக்குள் கும்பலாகக் குடியிருப்பதைக் கண்டார். இரண்டு, நோயாளிகளின் ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு செய்யும் எதிர்ப்பொருள்களை எண்ணினார். எதிர்ப்பொருள் அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று நாம் நினைப்போம். தலைகீழாக இருந்தது. எண்ணிக்கை ஏற ஏற நோயாளியின் கதி மோசமானது. உறைக்குள் இருக்கும் எதிரியை அடிக்க முடியாமல், உடம்பு தன் நுரையீரலையே அடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு ரத்தச் சோதனையும் ஒரு சாட்சியானது: எதிர்ப்பொருள் ஏறினால் கிருமி நிலையாகக் குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் டென்மார்க்காரர்களின் பெரிய காரியம் இது அல்ல. மாதாமாதம் பார்த்ததுதான் என்பேன். காய்ச்சல் வரட்டும், மூச்சு வாங்கட்டும் என்று காத்திராமல், நன்றாக ஓடியாடும் பிள்ளையையும் மாதம் ஒரு முறை வரவழைத்து, சளி எடுத்து, வளர்த்துப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்ததால்தான் முக்கியமான ஒரு உண்மை தெரிந்தது. கொழகொழ உறை கட்டுவதற்கு முன்னால், சாதாரண வடிவில் சூடோமோனாஸ் வந்து போகும் ஒரு காலம் இருக்கிறது. சில மாதம், சிலருக்குச் சில வருஷம். அந்தச் சமயத்தில் நோயாளிக்குத் தொந்தரவு எதுவும் தெரியாமலே இருக்கலாம்.

அந்தக் காலத்துக்குள் அடித்தால் என்ன ஆகும்? 1991ல் கோபன்ஹேகன் டாக்டர்கள் வெளியிட்ட முடிவு இது. 26 பேர்தான். பாதிப்பேருக்குச் சளியில் முதல்முதலாகக் கிருமி தெரிந்த உடனே மூன்று வாரம் மாத்திரையும், மூச்சில் இழுக்கும் மருந்தும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. 27 மாதத்தில், மருந்து கிடைக்காதவர்களில் 58 சதவீதம் பேருக்குக் கிருமி நிலையாகக் குடியேறிவிட்டது. கிடைத்தவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான். சின்னச் சோதனை. ஆனாலும் அதற்குப் பிறகு உலகம் முழுவதும் வழக்கம் மாறியது. சீக்கிரம் கண்டுபிடித்தால் விரட்டலாம். தாமதமானால் ஆயுள் முழுக்கச் சமாளிக்கத்தான் முடியும்.

கோபன்ஹேகன்காரர்கள் பிற்காலத்தில் இன்னொன்றும் கண்டார்கள். நுரையீரலில் விரட்டிய கிருமி மூக்கைச் சுற்றியுள்ள எலும்புப் பொந்துகளில் ஒளிந்திருந்து, மறுபடி கீழே இறங்குகிறது. மூக்கோவிசிதோஸில் மூக்குக்கும் பங்கு இருக்கத்தான் செய்கிறது!

மாதாமாதம் பார்ப்பது சரி, சளி வேண்டுமே? நமக்கே டாக்டர் டப்பாவைக் கொடுத்துத் துப்பச் சொன்னால் எச்சில்தான் வருகிறது. நாலு மாதக் குழந்தை என்ன செய்யும்? தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டுத் துடைத்துப் பார்க்கலாம். ஆனால் தொண்டையில் இருப்பதெல்லாம் நுரையீரலில் இருக்க வேண்டும் என்பதில்லை. நுரையீரலில் இருப்பது சில சமயம் தொண்டைக்கு வருவதும் இல்லை. மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டு, உப்புநீர் செலுத்தி உறிஞ்சிப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி. அப்படியானால் எல்லாக் குழந்தைக்கும் அதையே செய்துவிடலாமே என்று தோன்றும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து டாக்டர்கள் 170 கைக்குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி ஐந்து வயது வரை பார்த்தார்கள். குழாய் விட்டுப் பார்த்து வைத்தியம் செய்த பிரிவும், தொண்டைத் துடைப்பை நம்பிய பிரிவும் ஐந்து வயதில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன. 2011ல் அந்த முடிவு வந்தது. குழந்தைகளை அடிக்கடி மயக்கத்தில் ஆழ்த்தும் வேலை மிச்சம். 2018ல் பிரிட்டனில் கார்டிஃப் டாக்டர்கள் நடுவழி ஒன்றைக் காட்டினார்கள்: உப்பு கூடிய நீரை ஆவியாக மூச்சில் இழுக்கச் செய்து, சளியை இளக்கி வரவழைத்தால், தொண்டைத் துடைப்பைவிட அதிகக் கிருமிகளைப் பிடிக்க முடிகிறது.

அடுத்து வருவது வெங்காயக் கதை. 1950ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பயிர்நோய் நிபுணர் வால்டர் பர்க்ஹோல்டர், நியூயார்க் மாநிலத்து வெங்காயங்கள் புளித்த வாடையோடு அழுகுவதற்குக் காரணமான ஒரு கிருமியை விவரித்தார். லத்தீனில் 'செப்பா' என்றால் வெங்காயம். அதனால் 'செப்பாசியா' என்று பெயர். முப்பது வருஷம் கழித்து, கனடாவின் டொரன்டோ நகரத்தில் மூக்கோவிசிதோஸ் நோயாளிகளின் சளியில் இதே கிருமி பெருகுவதைக் கண்டார்கள். 1971ல் 10 சதவீதம் பேரிடம் இருந்தது 1981ல் 18 சதவீதம் ஆனது. சிலர் அதோடு பல வருஷம் நடமாடினார்கள். சிலர் காய்ச்சல் கண்டு சில வாரங்களில் இறந்தார்கள். 1984ல் அந்த டாக்டர்கள் உலகத்துக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், சாதாரணத் தட்டில் இது சுலபமாகத் தெரியாது. வேகமாக வளரும் சூடோமோனாஸ் தட்டை மூடிவிடும். மெதுவாக வளரும் வெங்காயக் கிருமி அடியில் மறைந்துவிடும். 1985ல் மற்றவற்றை அடக்கி இதை மட்டும் வளரவிடும் தனித் தட்டு வந்தது. அதன் பிறகு கிருமிகளின் வம்சத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் முறைகளும் வந்தன. 1990லும் 1993லும் வந்த ஆராய்ச்சிகள் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. இந்தக் கிருமி ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்கு, பேசிப் பழகுவதாலேயே தொற்றுகிறது.

இதன் வலி எங்கே என்றால், இந்தப் பிள்ளைகளுக்கு ஆறுதலே ஒருவருக்கொருவர்தான். வகுப்பில் யாருக்கும் இல்லாத நோய், கைநிறைய மாத்திரை, தீராத இருமல். கோடை விடுமுறையில் அவர்களுக்கென்று நடக்கும் முகாம்களில்தான் தன்னைப் போல் இருமும் நாலு பேரைப் பார்ப்பார்கள். அந்த முகாம்களை 1990களின் தொடக்கத்தில் மூடினார்கள். 2013ல் அமெரிக்க நெறிமுறை, இந்த நோயாளிகள் இருவர் ஆறடிக்குள் நெருங்கக் கூடாது என்றது. 2020ல் கொரோனாவுக்கு நாமெல்லாம் கற்றுக்கொண்ட ஆறடிப் பாடத்தை அவர்கள் முன்பே படித்துவிட்டார்கள். நமக்கு அது இரண்டு மூன்று வருஷத்தில் முடிந்தது, அவர்களுக்கு முடியவில்லை. கிருமியைச் சரியாகக் கண்டுபிடித்ததால் உயிர்கள் தப்பின. அதற்கு விலையாக நட்பைக் கொடுத்தார்கள்.

ஒரு குமாஸ்தாவுக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. கிருமி 'நிலையாகக் குடியேறிவிட்டது' என்று எப்போது சொல்வது? ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். 2003ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர டாக்டர்கள் ஒரு வரையறை கொடுத்தார்கள். கடந்த 12 மாதத்துச் சளிப் பரிசோதனைகளை வரிசையாக எழுது. பார்த்த மாதங்களில் பாதிக்கு மேல் கிருமி தெரிந்தால் 'நிலையானது'. பாதியோ அதற்குக் குறைவோ என்றால் 'விட்டு விட்டு வருவது'. முன்பு இருந்து, 12 மாதமாக இல்லையென்றால் 'நீங்கியது'. ஒருபோதும் வராதது 'வராதது'. இது நம் ஆபீஸ் வருகைப் பதிவேடு அல்லாமல் வேறென்ன? பதிவேட்டில் பாதிக் கட்டம் காலியாக விட்டால் இந்தக் கணக்கே நடக்காது. அதனால் சளி கொடுக்க வரும் ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

இப்போது கதையில் ஒரு திருப்பம். 2019ல் அமெரிக்காவில் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருஷம் ஐரோப்பாவிலும் கிடைத்தது. அது உப்பு போகும் வழியையே ஓரளவு திறந்துவிடுகிறது. பொருந்துகிறவர்களுக்குச் சில நாட்களிலேயே சளி இளகி வெளியேறிவிடுகிறது. மாற்று நுரையீரலுக்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். பிரான்சில் இன்று இந்த நோயாளிகளில் பாதிக்கு மேல் வயது வந்தவர்கள். லெமார்ஷால் இன்னும் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் தாக்குப்பிடித்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் சோதனைச்சாலைக்குப் புதுக் கஷ்டம். துப்பச் சொன்னால் துப்புவதற்குச் சளி இல்லை! பல பேரிடம் கிருமியோ முழுவதும் போகவில்லை; குறைந்து, உள்ளே இருக்கிறது. பெரியவர்களிடமும் இப்போது கைக்குழந்தைக்குச் செய்வது போலத் தொண்டைத் துடைப்பு, உப்பு ஆவி என்று திரும்பிப் போக வேண்டியிருக்கிறது.

நம் ஊருக்கும் ஒரு வார்த்தை. இந்த நோய் வெள்ளைக்காரர்களுக்குத்தான் வரும் என்று இந்தியாவில் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை; இங்கேயும் இருக்கிறது. பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் சோதனை செய்யும் வழக்கம் இங்கே இல்லாததால், காசநோய் என்றோ ஆஸ்துமா என்றோ வருஷக்கணக்கில் மருந்து சாப்பிடும் பிள்ளைகள் உண்டு. அடிக்கடி நெஞ்சுச் சளி, எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாத எடை, எண்ணெய்ப் பசையோடு நாறும் மலம், முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் தோல் இவையெல்லாம் சேர்ந்திருந்தால், வேர்வைச் சோதனை வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லுங்கள்.

பிரான்சில் அப்படி ஒரு பேரப்பிள்ளை இருக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒன்று. "பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறான், எதற்கு இப்படிச் சும்மா சும்மா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகிறாய்?" என்று போனில் மருமகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவன் நன்றாக விளையாடும் அந்த மாதத்தில்தான் கிருமியைப் பிடிக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அது தெரியும்.